பன்னிரண்டு விழுந்தால் மரணம்

அத்தியாயம் 4

அந்தோணிராஜ் ஊமை அல்ல. நேற்று சாயங்காலம் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தபோது வழிநெடுகப் பேசிக்கொண்டுதான் வந்தாராம். அது விளையாட்டு சார், படத்தைப் பார்த்தாலே தெரியும் சார் என்று சிரித்தாராம். ஸ்டேஷனில் அந்த மொட்டைக் கடுதாசியை எடுத்து அவர் முன்னால் போட்டார் இன்ஸ்பெக்டர். ஒருதரம் வாசித்தார், மறுபடி ஒருதரம் வாசித்தார். அதற்குப் பிறகு இன்று காலை பதினோரு மணி வரைக்கும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல், தண்ணீர்.

"கடுதாசியைப் பாத்ததும் வாய் அடைச்சுப்போச்சு. வேற என்ன அர்த்தம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"திண்டுக்கல் பூட்டு சார். சாவி வேற ஆள்கிட்ட இருக்கும்" என்றான் மொக்கைச்சாமி.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்வாங்கிச் சுவரோடு சுவராகிவிட்டான். அவன் துப்பறியும் புவனேஸ்வரியின் உதவியாள். டிரைவரும் அவன்தான், ஆபீஸ் கூட்டுவதும் அவன்தான். மூளையும் தான்தான் என்பது அவனுடைய சொந்த அபிப்பிராயம். புவனேஸ்வரி பதினெட்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கின வண்டிகளுக்கு அடியில் படுத்து, விபத்து நிஜமா ஜோடனையா என்று கண்டுபிடித்தவள். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரையும் நம்பாத குணம் மட்டும் பழைய உத்தியோகத்திலிருந்து கூடவே வந்துவிட்டது.

கடுதாசியை அவள் கையில் கொடுத்தார் இன்ஸ்பெக்டர். ஸ்கேல் வைத்துக் கோடு கோடாய் இழுத்த எழுத்து. எழுதினது ஆணா பெண்ணா, எட்டாங்கிளாசா எம்.ஏ.வா, எதுவும் தெரியாது.

'சாணார்பட்டி ரோட்டில் வெடி. கண்ணிவெடி தாங்கும் வண்டி என்றால் பன்னிரண்டு விழுந்தால்தான் சாவு. சாதா ஜீப் என்றால் ஏழும் அதற்கு மேலும் விழுந்தால் சாவு. வெடித்த பிறகு சத்தத்தை எண்ண வேண்டும். ஒரு பீடி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. அந்தோணிராஜ் வீட்டில் இதற்குப் படம் இருக்கிறது. போய்ப் பார்க்கவும்.'

போய்ப் பார்த்தார்கள். படமும் இருந்தது. சார்ட் பேப்பரில் சாணார்பட்டி ரோடு, பாலம், கண்மாய், தென்னந்தோப்பு எல்லாம் வரைந்து, மேலே தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்கள். ரோட்டைச் சுற்றி அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். வேறு சமயமாக இருந்தால் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுச் சுருட்டி வைத்திருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை அதே ரோட்டில் ஒரு மந்திரி போகிறார். எட்டு வருஷம் பட்டாளத்தில் கண்ணிவெடி தாங்கும் வண்டி ஓட்டிய ஆள், வெடி, படம், மந்திரி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன் என்றார். வெடிமருந்து வழக்கு என்று ஒருதரம் எழுதிவிட்டால் லேசில் ஜாமீன் கிடைக்காது. அது புவனேஸ்வரிக்கும் தெரியும், புருஷனை மீட்டுத் தரச் சொல்லி அவளை அழைத்துவந்து வெளியே காத்திருக்கும் அந்தோணிராஜின் மனைவி ஜெஸ்ஸிக்கும் தெரியும்.

படத்துக்கு அடியில் அந்தோணிராஜின் போட்டோ ஒட்டிய ஒரு விண்ணப்பம் துருத்திக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டாள் புவனேஸ்வரி.

வெளிநாட்டு வேலைக்குப் போகப் போலீஸ் கொடுக்க வேண்டிய நன்னடத்தைச் சான்றாம். ஆப்பிரிக்காவில் புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கிற ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டப் போகிறாராம். விண்ணப்பம் மூன்று வாரமாய்க் கிடக்கிறது, இனி நன்றாகக் கிடக்கட்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

கம்பிக்குப் பின்னால் அந்தோணிராஜ் உட்கார்ந்திருந்தார். இதை எழுதினது யாரென்று உங்களுக்குத் தெரியுமா என்று புவனேஸ்வரி கேட்டாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குற்றம் செய்தவன்தான் இப்படித் திரும்புவான் என்று மொக்கைச்சாமி அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

எதிர்த்த டீக்கடை பெஞ்சில் மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள் ஜெஸ்ஸி. உள்ளே சோறு வாங்கமாட்டோம் என்றுவிட்டார்களாம். புவனேஸ்வரி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆப்பிரிக்கா வேலையைப் பற்றி ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றாள் ஜெஸ்ஸி. "அஞ்சு வாரமாச்சு அந்த வேலை வந்து. நீங்க அந்த விளையாட்டு நோட்டை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அதைப் பாத்தா இவுகளுக்கே புரிஞ்சுரும். நாகல்நகர்ல ஈஸ்வரன் அண்ணன் பட்டறைல இருக்கும்."

டி.வி.எஸ். ஐம்பதை உதைத்துக் கிளப்பும்போது, அந்தம்மா நல்ல அம்மாவாகத் தெரிகிறது என்றான் மொக்கைச்சாமி. எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள், நீ ரோட்டைப் பார் என்றாள் புவனேஸ்வரி.

ஈஸ்வரன் பூட்டுப் பட்டறைக்காரர். கட்டை குட்டையான மனிதர், காதில் பென்சில். போலீஸ் என்றதும் அரத்தைக் கீழே போட்டவர், போலீஸ் இல்லை என்றதும் மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு பின்கட்டில் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். பழைய கேரம் போர்டு அளவுக்கு ஒரு மேஜை. அதன்மேல் பெருவிரல் அளவில் பதினைந்து இருபது பித்தளை வண்டிகள். பூட்டு செய்த மிச்சத் தகட்டில் அவரே வெட்டியவை.

மொக்கைச்சாமி ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான். அடிப்பாகம் தட்டையாக இல்லை, படகின் அடி மாதிரி கூராக இருந்தது.

"அதான் சூட்சுமம், அப்பு" என்றார் ஈஸ்வரன். அடி தட்டையாக இருந்தால் வெடிக்கிற வேகம் அம்புட்டும் நேரே மேலே ஏறும், உள்ளே இருக்கிறவன் காலி. கூராக இருந்தால் வேகம் இரண்டு பக்கமும் வழுக்கிப் போய்விடும், வண்டி சக்கரத்தை இழக்கும், ஆள் பிழைப்பான். அந்த வித்தியாசத்தை மேஜைக்கு எப்படிக் கொண்டுவருவது என்றுதான் அந்தோணிராஜ் இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாராம். வெளிநாட்டில் இப்படி விளையாட்டுச் சட்டம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். இவர் எழுதி முடித்து அனுப்பினால் அச்சாகி வருமாம்.

நூறு பக்க நீள நோட்டு பட்டறைக் கிராதிக்குப் பின்னாலிருந்து வந்தது. ஈஸ்வரன் ஆடியே காட்டினார். மூன்று பேர் ஆட்டம். ஒருவர் வண்டித்தொடர் ஓட்டுவார், ஒருவர் வெடி வைப்பார், ஒருவர் நடுவர். வெடி என்பது புளியங்கொட்டை. பகடை உருட்டிக் குறித்த சிவப்புப் புள்ளிகளில் பன்னிரண்டு கொட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள். மூன்றுக்கு மட்டும் அடிப்பக்கம் தேய்த்து வெள்ளையாக இருக்கும், அதுதான் நிஜ வெடி. மிச்சம் ஒன்பதும் வெத்து. வண்டிக்காரன் மெதுவாகப் போனால் பகடை உருட்டிக் கொட்டையைத் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேரமாட்டான். வேகமாகப் போனால் சேர்ந்துவிடுவான், ஆனால் பார்க்க முடியாது. அந்தத் தவிப்புதான் ஆட்டமே என்றார். கொட்டை வெடித்தால் இரண்டு லூடோ பகடையை உருட்ட வேண்டும். கூர்வண்டி பன்னிரண்டு விழுந்தால்தான் சாகும். இரண்டு பகடையிலும் ஆறு விழ வேண்டும், முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு.

"சாணார்பட்டி ரோடு எதுக்கு?" என்றாள் புவனேஸ்வரி.

அந்தோணிராஜ் முதலில் ஆப்பிரிக்காப் பாலைவனம்தான் வரைந்தாராம். மூன்றாவது ஆட்டக்காரர் பெருமாள்சாமிக்குப் பாலைவனம் மண்டையில் ஏறவில்லை. எந்த மண், செம்மண்ணா, அடியில் பாறையா என்று கேட்டுக் குடைந்துகொண்டே இருந்தார். சரி, உமக்குத் தெரிந்த ரோட்டையே போடுகிறேன் என்று அந்தோணிராஜ் இதை வரைந்தார். கட்டம் போட்டது இந்தப் பட்டறையின் ஆறு மூலை நட்டை வைத்துத்தான்.

நோட்டைப் புரட்டிய புவனேஸ்வரி ஒரு பக்கத்தில் நின்றாள். 'ஒரு வண்டி வெடித்தால் பின்வண்டி நிற்கக் கூடாது. அடுத்த உருட்டலிலேயே கடந்து போக வேண்டும்' என்று இருந்தது. பட்டாளப் பழக்கம் அதுதான், வெடித்த இடத்தில் நின்றால் ஒளிந்திருக்கிறவன் சுடுவான் என்றார் ஈஸ்வரன்.

மொக்கைச்சாமிக்கே பொறி தட்டியது. கடுதாசியில் இருப்பது நேர் எதிர். சத்தத்தை எண்ணு, ஒரு பீடி நேரம் கிட்டே போகாதே. அது பட்டாளத்துப் பேச்சு இல்லை.

"இந்தப் பெருமாள்சாமிக்கு என்ன தொழில்?" என்று கேட்டான்.

"கிணத்து வெடி. தண்ணி வத்துன கிணத்துல பாறையை வெடி வச்சுப் பேத்து ஆழப்படுத்துவாரு."

நூல் கண்டு கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது மொக்கைச்சாமிக்கு. ஈஸ்வரன் கேட்காமலே மிச்சத்தையும் சொன்னார். சாதா ஜீப் ஏழோ அதற்கு மேலோ விழுந்தால் சாகும் என்று முதலில் எழுதியிருந்தது. அது தப்பு, என் அனுபவத்தில் ஆறு விழுந்தாலே சாகணும் என்று பெருமாள்சாமி மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டினார். கடைசியில் அந்தோணிராஜ் ஏழு என்பதை அடித்து ஆறு ஆக்கினார். நோட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையில் திருத்தம், தேதி, பக்கத்தில் பெருமாள்சாமியின் கையெழுத்து. பத்திரம் பதிந்த மாதிரி இருந்தது. தேதி போன மாசம், ஐந்து வாரத்துக்கு முந்தி. அதற்கப்புறமும் கூர்வண்டியை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எட்டு ஆட்டம் வரிசையாய்த் தோற்று, போன ஞாயிறு மேஜையைத் தள்ளிவிட்டு, உன் வண்டியையும் உன்னையும் ஒருநாள் கவனிச்சுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

புவனேஸ்வரி அந்தச் சிவப்புத் திருத்தத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நோட்டையும் நாலு வண்டிகளையும் பகடையையும் புளியங்கொட்டையையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நோட்டு கிடைத்துவிட்டதே, நேரே ஸ்டேஷன் போகலாமே என்றான் மொக்கைச்சாமி. எழுதின கை எது என்று தெரியாமல் போனால் நாளைக்கு இன்னொரு கடுதாசி வரும் என்றாள் அவள்.

சாணார்பட்டி தாண்டித் தென்னந்தோப்பு ஓரமாக டிராக்டர் கம்பிரஸர் தடதடத்துக்கொண்டிருந்தது. பெருமாள்சாமி ஐம்பது வயது, கறுத்து வைரம் பாய்ந்த உடம்பு. கழுத்தில் விசில். அந்தோணிராஜைப் பிடித்துக்கொண்டு போன செய்தி இன்னும் அவருக்கு வந்து சேரவில்லை என்றார். மொக்கைச்சாமி நம்பவில்லை. கொலைகாரனெல்லாம் முதலில் அப்படித்தான் சொல்வான் என்பது அவன் அறிவு. இங்கே கொலையே நடக்கவில்லை என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அவன் ஒரு தந்திரம் செய்தான். தலையைச் சொறிந்துகொண்டு, அண்ணே ஒரு பீடி கிடைக்குமா என்றான்.

பெருமாள்சாமி அவனைக் கழுத்தைப் பிடித்து நெட்டாத குறையாக டிராக்டர் பக்கம் திருப்பினார். மட்கார்டில் பெரிய எழுத்தில் 'இங்கு புகை பிடிக்காதே' என்று பெயிண்ட் அடித்திருந்தது. வெடிமருந்து இருக்கிற இடத்தில் பீடி கேட்கிறாயே, உனக்கு அறிவு இருக்கா என்றார். தன் ஆள் எவனும் பத்து வருஷமாக இங்கே நெருப்பு பற்றவைத்ததில்லை. இப்போது எல்லாம் ஒயரும் பேட்டரியும்தான், தூர நின்று தட்டினால் அம்புட்டும் ஒரே நேரத்தில் வெடிக்கும், அப்புறம் அரை மணி நேரம் கழித்து விசில் ஊதினால்தான் ஆள் இறங்கலாம்.

"அப்ப சத்தத்தை எண்றதில்லையா?" என்றாள் புவனேஸ்வரி.

"அது திரி வச்ச காலம், தாயி. ஏழு குழிக்கு ஏழு திரி. ஒண்ணுபின்னால ஒண்ணா வெடிக்கும். மேல நின்னு எண்ணிக்கிட்டே இருக்கணும். ஏழு கேட்டா எறங்கலாம். ஆறுதான் கேட்டா ஒண்ணு உள்ள உசுரோட கெடக்குன்னு அர்த்தம். ஒரு பீடி நேரம் போகட்டும்பாக."

அவராகவே அந்த வார்த்தையைச் சொன்னதும் மொக்கைச்சாமி வெற்றிப் பார்வை ஒன்றை எஜமானி பக்கம் வீசினான். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடுதாசியின் நகலை எடுத்துப் பெருமாள்சாமியிடம் நீட்டினாள். அவர் உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். இரண்டாவது வரியில் முகம் சுருங்கியது.

"சாதா ஜீப்புக்கு ஏழா? எந்த வெங்காயம் எழுதுனது? ஆறுல்ல. மூணு வாரம் தொண்டை வத்தக் கத்தி ஆறாக்கியிருக்கேன். கையெழுத்தே போட்டுருக்கேன்."

நெஞ்சிலிருந்து வந்த கோபம் அது, நடிப்பில்லை. வைத்த வெடி ஈரமாகிப் போன மாதிரி இருந்தது மொக்கைச்சாமிக்கு. அந்த ஒரு நம்பருக்காகச் சண்டை போட்டவன் அதைத் தப்பாக எழுதமாட்டான். ஈஸ்வரனும் எழுதமாட்டார், பஞ்சாயத்துப் பண்ணினவரே அவர்தான். எழுதினவருக்குப் பழைய சட்டம் தெரியும், ஐந்து வாரத்துக்கு முந்தி மாறினது தெரியாது. விளையாட்டைக் காதால் கேட்டவர், ஆடினவர் இல்லை. கேட்பதையும் ஐந்து வாரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டவர். இம்புட்டையும் புவனேஸ்வரி பட்டறையிலேயே கணக்குப் போட்டுவிட்டாள் என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"பீடி நேரம்னு பேசுற ஆளு இந்தப் பக்கம் இன்னும் யாரு இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

பெருமாள்சாமி கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வெடிக்கார சூசைமாணிக்கம். எண்பத்திரண்டில் வடமதுரைப் பக்கம் ஒரு கிணறு, ஏழு திரி. சூசைமாணிக்கத்துக்கு ஒரு காது மந்தம், அதனால் பத்து வயது மகளைக் கூடவே கூட்டிவந்து கரையில் உட்காரவைத்து எண்ணச் சொல்வார். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஆறுதான் அப்பா என்றது. இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும், எப்பவாவது ஒருதரம் அப்படி ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். பாதிப் படியில் ஏழாவது வெடித்தது.

பெருமாள்சாமி போய்க் கம்பிரஸரை நிறுத்திவிட்டு வந்தார்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கு?" என்றாள் புவனேஸ்வரி.

"எங்க இருக்கா? நல்லாக் கேட்டீக. அந்தோணி பொஞ்சாதிதான, ஜெஸ்ஸி. இந்த விளையாட்டுக்குள்ள அவன் என்னையச் சேத்ததே அவ சொல்லித்தான்."

திரும்பி வரும்போது மொக்கைச்சாமிக்குக் கிண்டல் ஒன்றும் கிடைக்கவில்லை. கேஸ் கொடுத்தவளே கேஸ் ஆகிவிட்டாள். புருஷனைப் போலீஸில் மாட்டிவிட்டு, மீட்டுத் தாருங்கள் என்று வந்து அழுகிறாள் என்றால் என்ன ரகம் அது? வேறு ஆள் சகவாசமா, சொத்தா, பழியா என்று வண்டி ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தான். எதுவும் அந்தத் தூக்குவாளியோடு ஒட்டவில்லை.

டீக்கடை பெஞ்சில் அவள் அதே இடத்தில் இருந்தாள். மணி மூன்றரை. புவனேஸ்வரி சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அப்பா எத்தனை சத்தம்னு கேட்டாரு, நீ ஆறுன்னு சொன்ன. நீ சொன்னதுதான் சரி."

ஜெஸ்ஸி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். மறுக்கப்போகிறாள் என்றுதான் மொக்கைச்சாமி நினைத்தான். அவள் மறுக்கவில்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்த வேலைக் கடுதாசி வந்த நாளிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனதைச் சொன்னாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அன்றைய ஆட்டத்தை முழுக்கச் சொல்வாராம், இவளும் சிரித்துக்கொண்டு கேட்பாளாம். வேலை வந்ததும் அதே ஆட்டத்தை எடுத்து, பார், முப்பத்தாறில் ஒண்ணுதான், நீ ஏன் பயப்படுற என்று வாதாட ஆரம்பித்தார். இவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஒருநா அவர் சந்தைக்குப் போயிருந்தாரு. பகடையை எடுத்து நானே உருட்டுனேன்க்கா. பதினாலாவது தடவை ரெண்டுலயும் ஆறு விழுந்துருச்சு. பகடையை டப்பாக்குள்ள போட்டு மூடிட்டேன். எங்கப்பா எப்பவாவது ஒருதரம்னு சொல்லித்தான் எறங்குனாரு."

போலீஸில் ஒரு புகார் இருந்தால் நன்னடத்தைச் சான்று கிடைக்காது என்று யாரோ சொன்னார்களாம். கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள், விண்ணப்பம் கெட்டுப்போகும், அவ்வளவுதான் என்று நினைத்து எழுதினாள். படம் இருக்கிறது என்று எழுதினால்தான் நம்புவார்கள் என்று அதையும் எழுதினாள். வெடித்த பிறகு என்ன செய்வார்கள் என்பது ஆட்டத்தில் எப்படியோ, அவளுக்கு அது கேட்டு நினைவில்லை. தெரிந்ததை எழுதினாள். வெள்ளிக்கிழமை மந்திரி வருவது கடவுள் சத்தியமாக அவளுக்குத் தெரியாது. நேற்று ஜீப் வந்து அவரை ஏற்றினபோது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாளாம், பயத்தில் சத்தம் வரவில்லையாம்.

கோபப்பட வேண்டும் என்று மொக்கைச்சாமி முயன்று பார்த்தான், முடியவில்லை.

புவனேஸ்வரி உள்ளதைச் சொன்னாள். கையில் நோட்டு இருக்கிறது, அவரை வெளியே கொண்டுவந்துவிடலாம். எழுதினது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் தன் வாயிலிருந்து வராது. ஆனால் கேஸ் இல்லை என்று ஆகிவிட்டால் அந்தச் சான்றை நிறுத்திவைக்க அவருக்குக் காரணம் இருக்காது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். நீ நோட்டைக் கொடு என்று சொன்னால் கொடுக்கிறேன், யோசித்துச் சொல் என்றாள்.

ஜெஸ்ஸி யோசிக்கவில்லை. "குடுத்துருங்க. மொதல்ல அவர் வெளிய வரட்டும்" என்றாள்.

உள்ளே போய் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் சார்ட் பேப்பரை விரித்து, நாலு பித்தளை வண்டிகளை வரிசையாக நிறுத்தினாள் புவனேஸ்வரி. நோட்டைத் திறந்து வைத்தாள். நாற்பத்து மூன்று ஆட்டம், தேதி போட்டு, யார் ஜெயித்தது யார் தோற்றது, எந்தப் புள்ளியில் வெடித்தது எல்லாம் இருந்தது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். நோட்டு எவனும் எழுதலாம், இது மறைப்பு வேலையாகக்கூட இருக்கலாம் என்றார். சந்தேகப்படச் சம்பளம் வாங்குகிறவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

"புள்ளியை எல்லாம் எண்ணிப் பாருங்க சார், பன்னெண்டு இருக்கும்" என்றாள். "பகடை உருட்டி விழுந்த கட்டத்துல வச்ச புள்ளி. ஒண்ணு கண்மாய்க்கு நடுத் தண்ணில இருக்கு. ஒண்ணு பாலத்துக் கைப்பிடிக்கு வெளிய காத்துல தொங்குது. இது இருக்கே, இது எந்த இடம்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அந்தச் சிவப்புப் புள்ளி சாணார்பட்டிப் போலீஸ் அவுட்போஸ்ட் வாசற்படியில் இருந்தது.

"அத்தனை பேரு காவல் இருக்கிற படிக்கட்டுல குழி தோண்டுற ஆளுன்னா, அவரை உள்ள வைக்கக் கூடாது சார், மெடல் குடுக்கணும்" என்றான் மொக்கைச்சாமி. இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் அவனை முறைக்கவில்லை. ஒரு பகடையை எடுத்து உருட்டினார், இன்னொன்றையும் உருட்டினார். கால் மணி நேரத்தில் அவரும் ஸ்டேஷன் ரைட்டரும் வண்டித்தொடரை இரண்டு புளியங்கொட்டை தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தோணிராஜைக் கூட்டிவந்தார்கள். போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். அப்புறம் கடுதாசியைத் தூக்கிக் காட்டி, உங்களுக்கு யார்மேலாவது சந்தேகம் உண்டா, சொல்லுங்க, பிடிச்சு உள்ளே வைக்கிறேன் என்றார். அந்தோணிராஜ் ஒரு ராத்திரிக்குப் பிறகு முதல்முறையாக முழுசாய் ஒரு வாக்கியம் பேசினார்.

"பேர் போடாத கடுதாசிக்கு நான் யாரைச் சொல்ல, சார்?"

இன்ஸ்பெக்டருக்கு உறுத்தியிருக்க வேண்டும். விண்ணப்பத்தை இழுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சான்றை அவர் கையில் கொடுத்தார்.

வெளியே ஜெஸ்ஸி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அவர் கையிலிருந்த தாளை அவள் பார்த்துவிட்டாள். நான்தான் என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் புள்ள" என்றார் அந்தோணிராஜ். "பீடி நேரம்னு வாசிச்சதுமே தெரியும். உங்கப்பாவைப் பத்தி எத்தனை தடவை எங்கிட்டச் சொல்லியிருக்க."

"தெரிஞ்சும் ஏன் வாயைத் தொறக்கல?"

"தொறந்தா அந்தக் கம்பிக்குள்ள நீயில்ல உக்காந்திருப்ப."

மொக்கைச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். குற்றம் செய்தவன்தான் சுவர்ப்பக்கம் திரும்புவான் என்று காலையில் அவன் எழுதின தீர்ப்பு அவனையே சுட்டது.

ஜெஸ்ஸி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் இப்போது கெட்டியாக இருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முப்பத்தாறுல ஒண்ணுங்கிறதை எங்க படிச்சீங்க?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பஸ் ஒன்று போய் முடிகிற வரைக்கும் நின்றார்.

"எங்கயும் படிக்கல. எங்க பட்டாலியன்ல அந்த வண்டி வெடில மாட்டுனது முப்பத்தாறு தடவை. முப்பத்தஞ்சு தடவை உள்ள இருந்தவங்க தலையைத் தடவிக்கிட்டு எறங்கி வந்தாங்க. ஒரு தடவை யாரும் எறங்கல. நான் அதுக்குப் பின்னாடி வண்டி. அவங்களைத் தாண்டிக்கிட்டு ஓட்டிட்டுப் போனேன். சட்டம் அதான், நிக்கக் கூடாது." ஸ்டேஷன் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "அதை வாயால சொல்ல முடியாமத்தான் பகடைல வச்சேன். ராத்திரி பூராச் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தேன், அதே நெனப்புதான். நான் போகல, ஜெஸ்ஸி."

ஐந்து வாரமாக அவள் வேண்டிக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். அது கிடைத்ததும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் ஒங்களை இங்க கொண்டாந்து உக்கார வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள், அப்புறம் அவர் தோளில் முகத்தை வைத்து, டீக்கடைக்காரர் பார்க்க, ஸ்டேஷன் பார்க்க, சத்தமாக அழுதாள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையிலிருந்து தாள் நழுவி ரோட்டில் விழுந்தது.

மொக்கைச்சாமி பதறிப்போய் எடுக்க ஓடினான். புவனேஸ்வரி அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். வத்தலக்குண்டு பஸ் ஒன்று அதன்மேல் ஏறிப் போனது.